உளிக்கலப்பை வாடகை: இரும்புக்கு நான்கு, நார்க்கழிவுக்கு ஒன்று

மணிக்கு 1,300 ரூபாய் வாங்கிக்கொண்டு, டிராக்டரில் உளிக்கலப்பை பூட்டி நிலத்தை ஒன்றரை அடி ஆழத்துக்குக் கிழித்துக் கொடுக்கிறார்கள். கொடுக்கிற காசுக்குத் தகுமா என்றால், தகும். ஆனால் கூடவே நம் தலையில் கட்டப் பார்க்கும் மற்ற இரண்டையும், அதாவது மக்காத தென்னை நார்க்கழிவையும் கடைசியாக ஓட்டும் ரோட்டவேட்டர் என்ற சுழல்கத்திக் கருவியையும், வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் தகும்.

வாடகைக்காரரின் பெயரைப் போடவில்லை. எங்கள் வட்டாரத்தில் டிராக்டர் வாடகைக்கு விடும் பலரும் இந்த மூன்றையும் ஒரே கட்டாகத்தான் விற்கிறார்கள். யாரிடம் எடுத்தாலும் நான் சொல்வது பொருந்தும்.

என் நிலம் திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கத்துக்கு மேற்கே, மூன்று ஏக்கர், மணல் கலந்த செம்மண். ஆடியில் மானாவாரியாக மல்லாட்டை (நிலக்கடலை), ஊடே துவரை. கிழக்கு வரப்பை ஒட்டிய பகுதியில் செங்கல் சூளைக்கு மண் ஏற்றிப்போன டிரெய்லர்கள் பல கோடைகளாகக் குறுக்கு வழி போட்டு ஓடியிருக்கின்றன. மற்ற இடங்களில் ஆண்டுதோறும் ஒன்பது கொத்துக் கலப்பை, அதன்மேல் ரோட்டவேட்டர். ஒரே ஆழத்தில் ஆண்டுக்கணக்கில் ஓடும் இரும்பு, மேலே இருப்பதை மாவாக்கிவிட்டுத் தனக்குக் கீழே இருப்பதை அழுத்தி மெழுகிவிடுகிறது. சக்கரத்தின் எடை வேறு. ஐந்தாறு அங்குலத்துக்குக் கீழே தட்டு உருவாகிவிட்டது. வேளாண் அலுவலர்கள் அடிமண் இறுக்கம் என்று எழுதிக் கொடுப்பது இதைத்தான்.

தட்டு விழுந்த நிலத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு மணி நேர மழைக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். அடுத்து நான்கு நாள் வெயில் அடித்தால் அதே இடத்தில் இலை துவளும். செடியைப் பிடுங்கிப் பார்த்தால் ஆணிவேர் அரைச் சாண் இறங்கியதும் பக்கவாட்டில் திரும்பி ஓடியிருக்கும். மல்லாட்டைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அது பூப்பது மேலே, காய்ப்பது கீழே. பூ கருவுற்றதும் விழுது கிளம்பி மண்ணுக்குள் இறங்கினால்தான் காய். மேல்மண் பொருக்குத் தட்டிப்போயிருந்தால் விழுது நுனி மண்ணைத் தொட்டும் உள்ளே புக முடியாமல் காய்ந்துவிடும். எவ்வளவு பூத்தது என்று மட்டும் பார்த்து மகிழ்ந்திருப்பவர்கள், பறிக்கும்போதுதான் திகைப்பார்கள்.

மண்வள அட்டை என்னிடம் இருக்கிறது. தழை (நைட்ரஜன்), மணி, சாம்பல், கந்தகம், நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, உப்பு, மக்கிய பொருளின் அளவைக் காட்டும் அங்ககக் கரிமம் என்று பன்னிரண்டு விவரங்கள். அங்ககக் கரிமம் 0.3 விழுக்காடு, 0.5க்குக் கீழே இருந்தால் ‘குறைவு’. மண் எவ்வளவு இறுகியிருக்கிறது, அதில் எத்தனை உயிர் ஓடுகிறது என்பதற்கு அட்டையில் கட்டமே கிடையாது. குறைவு என்று சொன்ன அந்த ஒற்றை எண்ணையும் நாம் யாரும் கண்டுகொள்வதில்லை. யூரியா எத்தனை மூட்டை என்ற வரிக்குத் தாவிவிடுகிறோம்.

உளிக்கலப்பை எதற்கு என்பதைச் சொல்லிவிட்டு வாடகைக்கு வருகிறேன். நல்ல மண்ணில் ஏறக்குறையப் பாதிதான் மண். மீதி, காற்றும் நீரும் இடம் மாற்றிக்கொள்ளும் வெற்றிடம். மேலே சக்கரம் ஏறும்போது முதலில் நசுங்குவது அந்த வெற்றிடத்தின் பெரிய துளைகள்; சிறியவை தப்பிவிடும். அதனால் இறுகிய மண்ணிலும் பாக்டீரியாக்கள் நுண்துளைகளுக்குள் பிழைத்துக் கிடக்கும். அவற்றைத் தின்ன வேண்டிய ஒற்றைச்செல் உயிர்களும் நூற்புழுக்களும்தான் உள்ளே போக முடியாமல் வெளியே நிற்கும். நூற்புழு என்றதும் வேரில் முடிச்சு போட்டுப் பயிரைக் கெடுக்கும் இரகம் நினைவுக்கு வந்து மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். பயிரைத் தொடாமல் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தின்று வாழும் நூற்புழுக்கள் மண்ணில் ஏராளம். பாக்டீரியா தன் உடம்பில் பிடித்துவைத்திருக்கும் தழைச்சத்து, அதை ஒன்று தின்று கழித்தால்தான் பயிருக்குக் கிடைக்கும். தின்னுகிறவருக்கு வழி அடைபட்டால் சத்து மண்ணில் இருந்தும் செடி மஞ்சளாக நிற்கும். வால்குதிப்பூச்சி, சிறு உண்ணிகள் போன்றவையும் தாமாகத் துளைபோடத் தெரியாதவை. இருக்கிற சந்தில் நடமாடுபவை. சந்து போனால் அவையும் போகும்.

அடுத்தது மூச்சு. காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறக்குறையப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. பெரிய துளைகள் நசுங்கி, மிச்சத் துளைகளில் நீர் அடைத்துக்கொண்டால் கீழே மூச்சு முட்டும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அப்போது நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு, தழைச்சத்தை வாயுவாக வானத்துக்கு அனுப்பிவிடும். தண்ணீர் நின்ற பாத்தியில் போட்ட யூரியா எங்கே போனது என்று கேட்பவர்களுக்குப் பதில், தலைக்கு மேலே.

இனி வாடகைச் சேவை. உளிக்கலப்பை என்பது மண்ணைப் புரட்டாமல் கிழிக்கும் கலப்பை. குறுகிய உளிமுனை கீழே போய்த் தட்டை உடைக்கும். மேல்மண் மேலேயே இருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, அரை மீட்டர் இடைவெளியில் முதலில் ஒரு திசையிலும் பிறகு அதற்குக் குறுக்காகவும், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை. கூடவே ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் அல்லது மக்கிய தென்னை நார்க்கழிவு. அந்த ‘மக்கிய’ என்ற அடைமொழியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வாடகைக்காரர் வைத்துக்கொள்ளவில்லை.

பங்குனியிலேயே சொல்லிவைத்திருந்தேன். சித்திரையில் கோடை மழை ஒன்று நன்றாக இறங்கியது. மறுநாள் விடியற்காலையில் டிராக்டர் வாசலில் நிற்கிறது. ஓட்டுநர் சின்ன வயதுத் தம்பி, சுறுசுறுப்பானவர். “அக்கா, ஈரத்தில்தான் கலப்பை வெண்ணெயாக இறங்கும், டீசலும் மிச்சம்” என்றார். ஓரடி ஆழத்திலிருந்து மண்ணை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் காட்டினேன். திரியாகத் திரண்டு வந்தது. “இறங்கும் தம்பி, வெடிக்காது. இன்றைக்கு வேண்டாம்” என்றேன்.

இந்தச் சேவையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். உளிக்கலப்பையின் வேலை மண்ணை வெட்டுவதில் இல்லை. இரண்டு பக்கமும் நொறுக்குவதில் இருக்கிறது. அடிமண் காய்ந்திருந்தால் உளி போகும் கோட்டிலிருந்து இரு புறமும் விரிசல் ஓடும், மேலே மண் பாளம் பாளமாக எழும்பும். ஈரமாக இருந்தால் உளி வழுக்கிக்கொண்டு போய், இரு சுவரையும் மெழுகிய ஒரு பள்ளத்தை மட்டும் விட்டுச் செல்லும். அடிமண்ணை உருட்டினால் திரி வரக் கூடாது, உதிர வேண்டும். ஓட்டுநருக்கு டீசல் மிச்சமாகும் நாள், நமக்குப் பணம் வீணாகும் நாள்.

வந்து திரும்பியதற்கு 500 ரூபாய் கேட்டார்கள். மழை பெய்த மறுநாள் என்னைக் கேட்காமல் கிளம்பி வந்தது அவர்கள், காசு என்னுடையது. வாதாடிப் பார்த்தேன். “வண்டி எடுத்தால் வண்டிக்கூலி உண்டம்மா” என்றார் முதலாளி. கொடுத்தேன். கடைசியில் போடும் மதிப்பெண்ணில் கழித்துக்கொண்டேன்.

வைகாசியில், நிலம் காய்ந்த பிறகு மறுபடி வந்தார்கள். அன்றைய வேலையில் குறை சொல்ல முடியாது. இரண்டு உளி பொருத்திய கலப்பை, ஐம்பது குதிரைத்திறன் வண்டி. குறுக்கும் நெடுக்குமாக ஓட்ட ஏக்கருக்கு நான்கு மணி நேரம் பிடித்தது, ஐயாயிரத்துச் சொச்சம். ஏக்கர் கணக்கில் பேசலாமா என்று அவர்களே கேட்டார்கள். நான் மணிக் கணக்கையே பிடித்துக்கொண்டேன். ஏக்கர் கணக்கு என்றால் ஓட்டுநர் கலப்பையை நாலு விரல் தூக்கிவிட்டு வேகமாகப் போவார். ஆழம் குறைந்தால் இழுவை குறையும், டீசல் குறையும், வேலையும் சீக்கிரம் முடியும். மணிக் கணக்கில் அவருக்கு அவசரமில்லை. நமக்குக் கூடுதல் செலவு, ஆனால் ஆழம் கிடைக்கும். எந்தக் கணக்கானாலும் கையில் ஒரு இரும்புக் கம்பியோடு பின்னால் நடக்க வேண்டும். உளி போன கோட்டில் கம்பியைச் சொருகி, ஒன்றரை அடி வருகிறதா என்று அவ்வப்போது பார்த்தேன். நான் கம்பியோடு நடப்பதைக் கண்ணாடியில் பார்த்த தம்பி, ஒருமுறைகூடத் தூக்கவில்லை.

எருவை உழவுக்கு முன்பே இறைத்துவிட்டேன். இதில் வாடகைக்காரர்கள் யாரும் யோசனை சொல்ல மாட்டார்கள். உழுத பிறகு எருவண்டி வந்தால், புதிதாகத் தளர்ந்த மண்ணின் மேல் இரண்டு டன் சுமையோடு சக்கரம் ஏறும். தளர்ந்த மண் முன்பு இருந்ததைவிட மோசமாகச் சுருங்கும்; நசுக்கத்தின் பெரும்பங்கு முதல் தடவை சக்கரம் ஏறும்போதே நடந்துவிடும். தட்டை உடைக்கக் கொடுத்த ஐயாயிரத்தை எருவண்டி அரை நாளில் திருப்பி எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது நார்க்கழிவு. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கயிறு ஆலையிலிருந்து ஏற்றி வருவதாகச் சொன்னார்கள். ஒரு டிரெய்லர் 2,000 ரூபாய். என் வீட்டுப்பக்கம் தொழு உரம் ஒரு டிரெய்லர் 3,500. விலையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். “இதுவும் அங்ககப் பொருள்தானே அம்மா, பல்கலைக்கழகமே சொல்லியிருக்கிறது” என்று முதலாளி சொன்னார். பல்கலைக்கழகம் சொன்னது கறுப்பாக மக்கியதை. இவர் இறக்கியது செங்காவி நிறத்தில், ஆலையிலிருந்து அப்படியே வந்தது. மக்காத நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 112 பங்கு கரிமம் இருக்கும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைத்தால் அது 24 பங்குக்கு இறங்கும். மக்காததை அப்படியே வயலில் போட்டால், அதைச் செரிக்க முயலும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். பயிருக்குப் போட்டியாக நாமே ஆள் வைத்த மாதிரி.

இருந்தாலும் ஒரு வண்டி வாங்கிக் கிணற்றோரம் அரை ஏக்கரில் மட்டும் போட்டுப் பார்த்தேன். எழுதுவதென்றால் பார்த்துவிட்டு எழுத வேண்டும் அல்லவா? மல்லாட்டைக்காவது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் வேர்முடிச்சுப் பாக்டீரியா துணை உண்டு, சமாளித்துக்கொண்டது. கரையில் போட்ட கம்பு வெளிறி, முழங்கால் உயரத்திலேயே நின்றது. ஈரம் பிடிப்பதில் நார்க்கழிவுக்கு ஈடில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். மக்கவைத்து விற்றால் நானே இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்குவேன். இப்போது அவர்கள் விற்பதற்கு ஐந்துக்கு ஒன்று.

மூன்றாவது, ரோட்டவேட்டர். உழுது முடிந்ததும் நிலம் பாளம் பாளமாகக் கிடக்கும். கண்ணுக்கு அழகாக இருக்காது. “கடைசியில் ஒரு சால் ரோட்டவேட்டர் விட்டால் மாவாகிவிடும் அக்கா, கட்டணத்தில் கழித்துக்கொள்கிறோம்” என்றார் தம்பி. மாவாவதுதான் ஆபத்து. மண் குருணை குருணையாக இருந்தால்தான் குருணைகளுக்கு நடுவே துளை இருக்கும். அந்தக் குருணைகளைக் கட்டிவைத்திருப்பவை பாக்டீரியாக்கள் சுரக்கும் பசையும் பூஞ்சை இழைகளும்; இரண்டும் அங்ககப் பொருளைத் தின்று உருவானவை. சுழலும் கத்தி இழைகளை அறுத்து, குருணைகளை உடைத்து, உள்ளே பாதுகாப்பாக இருந்த கரிமத்தையும் ஒரே மூச்சில் எரிந்துபோகத் திறந்துவிடும். அடுத்த மழைக்கு அந்த மாவு கரைந்து துளைகளை அடைத்துக்கொண்டு பொருக்காகக் காயும். பாளங்களை மழைக்கும் வெயிலுக்கும் விட்டேன். விதைப்பதற்கு முன் மாட்டு ஏர் ஒரு சால் போதுமானதாக இருந்தது.

பட்டை பட்டையாகப் பிரித்து வைத்திருந்ததால் பலனைத் தெளிவாகச் சொல்ல முடிகிறது. ஒரு பட்டையில் உளிக்கலப்பையும் எருவும்; ஒன்றில் உளிக்கலப்பை மட்டும்; ஒன்றில் எரு மட்டும்; நான்காவது வழக்கம்போல. எரு என்றால் ஏக்கருக்கு ஐந்து டன் மாட்டெரு, அதற்கு முன் சில இரவுகள் ஆட்டுக்கிடை. ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம் என்பார்கள்; இரண்டும் கலந்திருந்தால் ஒரு வருடத்துச் சோதனையிலும் ஏதாவது தெரியும் என்று கணக்குப் போட்டேன்.

ஐப்பசியில் மல்லாட்டை பறித்து, கார்த்திகையில் மழைக்குப் பிறகு எல்லாப் பட்டைகளும் ஒரே ஈரத்தில் இருந்தபோது கம்பியை அழுத்திப் பார்த்தேன். காய்ந்த மண்ணில் இந்தச் சோதனை பொய் சொல்லும். எல்லா இடமும் கல்லாகத் தெரியும். உளிக்கலப்பை மட்டும் ஓட்டிய பட்டையில் கம்பி ஒரு சாண் ஆழத்தில் நின்றுவிட்டது. வைகாசியில் ஒன்றரை அடி திறந்த மண் ஒரே பருவத்து மழையில் பெரும்பாலும் மூடிக்கொண்டுவிட்டது. எரு மட்டும் போட்ட பட்டையில் மேலே நான்கு அங்குலம் பொலபொலவென்று இருந்தது. குழி தோண்டினால் மண்புழுக்கள் கிடைத்தன, எல்லாமே தட்டுக்கு மேலே. இரண்டும் செய்த பட்டையில் முழங்கை ஆழத்துக்குக் கம்பி இறங்கியது. அங்கே ஓரடிக் குழியில் உளி கிழித்த கோட்டை இன்னும் பார்க்க முடிந்தது. அதன் சுவரில் புழு வளைகள், வளைக்குள் கறுத்த மண், அதே வளையைப் பிடித்துக்கொண்டு கீழே போயிருந்த துவரை வேர். சூளைத் தடத்தில் மட்டும் எதுவும் முழுதாகப் பலிக்கவில்லை. அங்கே அடுத்த கோடையில் மறுபடி விட வேண்டும்.

வெறும் எருவைத் தட்டின் மேல் போடுவது, பந்தியில் இலை போட்டுப் பரிமாறிவிட்டு வாசல் கதவைப் பூட்டிவைப்பது. வெறும் உளிக்கலப்பை, கதவைத் திறந்துவிட்டு அடுப்பே மூட்டாமல் இருப்பது. பட்டைவாரியாகக் காய வைத்து எடை போட்டதில், இரண்டும் செய்த பட்டை நான்காவதைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு கூடுதலாகக் கொடுத்தது. தனித்தனியாகச் செய்த இரண்டும் செலவைத்தான் ஈடுகட்டின, சில இடத்தில் அதுவுமில்லை.

இதை வாடகைக்காரரிடம் சொன்னபோது, “அப்படியானால் மண்புழு வாங்கி விட்டுவிடுங்கள், மூட்டையாகவே தருகிறேன்” என்றார். மனிதர் எதையும் விற்காமல் விடமாட்டார். மண்புழு உரத் தொட்டியில் வளர்ப்பது பெரும்பாலும் ஆப்பிரிக்க இரகம் அல்லது ஐரோப்பியச் சிவப்பு இரகம். இரண்டும் மேலே குப்பையில் வாழ்பவை, ஆழமாகத் துளை போடாது. வயலில் விட்டால் வெயிலுக்கே தாங்காது. மேலும் கீழும் வளை போட்டு நடமாடுவது ‘லாம்பிட்டோ மொரிட்டி’ என்ற நம் ஊர் இரகம். சென்னையில் பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில் பல ஆண்டுகள் ஆராய்ந்து, உள்ளூர்ப் புழுக்களே போதும் என்று சொல்லிவந்தது இதைப் போன்றவற்றை வைத்துத்தான். அதை யாரும் மூட்டையில் வாங்க வேண்டியதில்லை. வரப்போரத்தில், மரத்தடியில் ஏற்கெனவே இருக்கிறது. தின்ன ஏதாவது போட்டு, இறங்க வழி விட்டால் தானாக வரும்.

எரு வாங்க வசதியில்லாதவர்கள் உளிக்கலப்பை விட்ட கையோடு பலதானியம் விதைக்கலாம். தானியம், பயறு, எண்ணெய்வித்து, மணப்பயிர், பசுந்தாள் என்று ஐந்து வகையும் கலந்து தூவிப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது. செம்மண்ணுக்கென்றால் கொளிஞ்சியும் சணப்பும் என் முதல் தேர்வு. வேர்கள் விரிசலுக்குள் இறங்கி இருந்து மக்கிவிட்டால், அதற்குப் பிறகு அந்த வழி சட்டென்று மூடாது. ஆனால் கிணறு இருப்பவர்களுக்குத்தான் இது தோது; மானாவாரியில் ஆடிப்பட்டத்தைத் தள்ளிப்போட முடியாது.

மதிப்பெண்: உளிக்கலப்பை உழவுக்கு ஐந்துக்கு நான்கு, ஒன்று கழித்தது அந்த 500 ரூபாய்க்கும், ஈரம் பார்க்காமல் வண்டி கிளப்பியதற்கும். நார்க்கழிவுக்கு ஒன்று. ரோட்டவேட்டர் எனக்குத் தேவைப்படாததால் மதிப்பெண் போடவில்லை. அரசு வேளாண்மைப் பொறியியல் துறையும் உழவன் செயலி வழியாகக் கருவிகளை வாடகைக்குத் தருகிறது. தனியாரிடம் பேசும் முன் அங்கே என்ன கட்டணம், உளிக்கலப்பை எப்போது கிடைக்கும் என்று பார்த்துக்கொள்வது நல்லது. தனியாரிடமே எடுப்பதென்றால் மூன்று விஷயங்களை முன்கூட்டியே பேசி முடியுங்கள்: மணிக் கணக்கு, மழை பெய்தால் நம்மைக் கேட்காமல் வண்டி கிளம்பக் கூடாது, உழவு முடிந்த நிலத்தில் மறுபடி வண்டி ஏறக் கூடாது. அந்தச் சின்னத் தம்பியையே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வேலை தெரிந்தவர், பின்னால் ஒருவர் கம்பியோடு நடந்தால் இன்னும் நன்றாகத் தெரிகிறது.